இரண்டு ஹெச்.பி. போதும், ஒயரைப் பார்த்துப் போடுங்கள்

சென்னையில் மொட்டைமாடியிலோ கார் நிறுத்துமிடத்திலோ தச்சுவேலைக்கென்று ஒரு மூலையை ஒதுக்கிக்கொள்ளும் எவரும், இயந்திரம் வாங்கப் போகும்போது முதலில் கேட்கும் கேள்வி மோட்டார் எத்தனை ஹெச்.பி. என்பதுதான். பாரிமுனைப் பக்கத்துக் கடைக்காரர்களும் அந்தக் கேள்விக்குப் பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள்: "மூணாவே எடுத்துடுங்க சார், அப்புறம் வருத்தப்படாதீங்க." மூன்று எடுத்தவர்கள் பலர் பின்னால் வருத்தப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுத் தச்சுப்பட்டறைக்குச் சிங்கிள் பேஸில், அதாவது ஒரே பேஸ் ஒயர் வரும் சாதாரண வீட்டு இணைப்பில், இரண்டு ஹெச்.பி. வரை தாராளமாகப் போதும் என்பதும், அதற்கு மேல் மோட்டாரில் போடும் பணத்தை மெயின் போர்டுக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் ஓடும் ஒயரில் போடுவதே நல்லது என்பதும் என் கட்சி. அதற்கான கணக்கைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் பெயர்ப்பலகை. ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட். ஆனால் இண்டக்‌ஷன் மோட்டாரின் பலகையில் எழுதியிருக்கும் ஹெச்.பி. அதன் தண்டிலிருந்து வெளியே வரும் திறன். (கார்பன் பிரஷ் இல்லாமல், சுருளின் காந்தப்புலத்தாலேயே சுழலும் மோட்டார் அது.) கையில் பிடித்து வேலை செய்யும் கருவிகளில் எழுதியிருக்கும் வாட்டோ பெரும்பாலும் உள்ளே போகும் மின்சாரம். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் கணக்கு தவறிவிடும். 2 ஹெச்.பி. இண்டக்‌ஷன் மோட்டார் 1,492 வாட் வேலை செய்கிறது. அதன் செயல்திறன் 75 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 2,000 வாட் உள்ளே இழுக்கும். இழுக்கும் மின்னோட்டத்தில் வேலைக்குப் பயன்படும் பங்கான பவர் ஃபேக்டர் 0.8 என்றால் 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 11 ஆம்பியர் ஆகிறது. 1,800 வாட் என்று எழுதிய, எடுத்துச் செல்லத்தக்க பத்து அங்குல டேபிள் சா (மேஜை ரம்பம்) ஒன்று எட்டு ஆம்பியருக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் எடுக்கும். இரண்டுமே 16 ஆம்பியர் பிளக்கில் அடங்கிவிடும். 3 ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் என்றால் இதே கணக்கில் 16 ஆம்பியரைத் தொடும். அது பிளக்கின் விளிம்பு, அங்கே நின்று வேலை செய்யக் கூடாது.

இந்த எளிய கணக்கு கையில் இருந்தால் விளம்பரங்களையும் எடைபோடலாம். 16 ஆம்பியர் பிளக்கிலிருந்து 230 வோல்ட்டில் தொடர்ந்து எடுக்கக்கூடியது அதிகபட்சம் 3,680 வாட். ஆகவே வீட்டு பிளக்கில் செருகும் தூசி உறிஞ்சியின் பெட்டியில் '6 ஹெச்.பி.' என்று போட்டிருந்தால், 4,476 வாட்டை அது எங்கிருந்து எடுக்கும் என்று கேட்டுப் பார்க்கலாம். உச்சத் திறன் என்ற பெயரில் எழுதப்படும் அந்த எண்ணுக்கும் மரத்தூளுக்கும் சம்பந்தம் இல்லை. அதைவிடப் பயனுள்ளது பலகையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் 'எஸ்1', 'எஸ்6' போன்ற குறி. எஸ்1 என்றால் முழுச் சுமையில் ஓய்வில்லாமல் ஓடத் தகுந்த மோட்டார். எஸ்6 40 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம்தான் முழுச் சுமை, மீதி நேரம் சும்மா சுழல வேண்டும். வீட்டு வேலைக்கு இரண்டாவதே போதும், ஏனென்றால் நாம் அறுக்கும் நேரத்தைவிட அளக்கும் நேரமே அதிகம்.

ஓடும்போது எடுக்கும் ஆம்பியரோடு விஷயம் முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையே இருந்திருக்காது. இண்டக்‌ஷன் மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கிறது. நம் 2 ஹெச்.பி. மோட்டார் கிளம்பும் அந்த ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 60 ஆம்பியர் கேட்கும். வீட்டுக் கூடத்தில் மெயின் போர்டு பக்கத்திலேயே இருந்தால் பரவாயில்லை. சென்னையில் பட்டறை இருப்பது மொட்டைமாடித் தகரக் கொட்டகையில். மெயின் போர்டு இருப்பது கீழ்த்தளத்து மாடிப்படி அடியில். நடுவில் இருபது மீட்டர் ஒயர் சாதாரணமாக ஓடும். அந்த ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு என்று வையுங்கள். கிலோமீட்டருக்கு 12.1 ஓம் மின்தடை; போக இருபது, வர இருபது, ஆக நாற்பது மீட்டருக்குச் சுமார் 0.48 ஓம். மோட்டார் ஓடும்போது அதில் இழப்பது ஐந்து வோல்ட்தான், யாருக்கும் தெரியாது. கிளம்பும்போதோ 29 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 230க்குப் பதில் 201 வோல்ட் வந்தால், கிளம்பும் விசை முக்கால் பங்காகக் குறைகிறது.

இது நல்ல நாளின் கணக்கு. வீடுகளுக்கு வரும் லோ டென்ஷன் சப்ளையில் ஆறு சதவீதம் ஏற்ற இறக்கம் அனுமதிக்கப்பட்டதுதான், அதாவது 216 வோல்ட் வரை இறங்கலாம். மே மாதத்தில் இரவு ஒன்பது மணிக்குத் தெருவில் எல்லா வீட்டு ஏ.சி.யும் ஒன்றாக ஓடும்போது எங்கள் வீட்டு மீட்டரில் 205 கூடப் பார்த்திருக்கிறேன். அந்த 205இலிருந்து 29ஐக் கழித்தால் மிஞ்சுவது 176. விசை அறுபது சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. அதே தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டிருந்தால் கிளம்பும்போது இழப்பு 11 வோல்ட்டோடு நிற்கும். ஒரு ஹெச்.பி. கூடுதலாக வாங்கினால் கிடைக்காதது இந்த ஒயரில் கிடைக்கிறது, கூடுதல் ஹெச்.பி. கிளம்பும் மின்னோட்டத்தையும் கூட்டி, இழப்பைப் பெரிதாக்கவே செய்யும்.

விசை குறைந்தால் என்ன, சற்று மெதுவாகக் கிளம்பட்டுமே என்று தோன்றலாம். சிங்கிள் பேஸ் மோட்டாருக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் அதன் விலை புரியும். ஒற்றைப் பேஸால் மட்டும் மோட்டார் தானாகச் சுழலத் தொடங்காது. அதற்காக ஸ்டார்ட்டிங் வைண்டிங் என்று தனியாக ஒரு கம்பிச் சுருளும், அதோடு தொடராக ஒரு கண்டென்சரும் இருக்கின்றன. முழு வேகத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டியதும், தண்டின் மேலிருக்கும் சென்ட்ரிஃபியூகல் ஸ்விட்ச் 'டக்' என்று திறந்து அந்த வைண்டிங்கைக் கழற்றிவிடும். நல்ல மின்னழுத்தத்தில் இது ஒரு விநாடிக்குள் முடிகிறது. மின்னழுத்தம் தாழ்ந்திருந்தால் மோட்டார் முனகிக்கொண்டே மூன்று நான்கு விநாடி ஏறுகிறது. ஒரு விநாடி வேலைக்காகச் செய்யப்பட்ட மெல்லிய வைண்டிங்கும் கண்டென்சரும் அவ்வளவு நேரமும் சூடேறுகின்றன. சின்னச் சின்னத் துண்டுகளை அறுக்க அணைப்பதும் போடுவதுமாக இருந்தால் சூடு இறங்க இடைவெளியே கிடைக்காது.

எங்கள் பகுதி மெக்கானிக் ஒருவர் இதை எனக்குக் காட்டிய விதம் மறக்கவில்லை. கண்டென்சர் வெடித்துப்போன மோட்டாரின் மூடியைத் திறந்தார். கறுப்புக் குப்பியின் தலைப்பக்கம் பொம்மென்று உப்பி, விளிம்பில் எண்ணெய் கசிந்திருந்தது. புதியதை மாட்டிவிட்டு அவர் போகவில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு, பிளக்கிலிருந்து சுவரோரமாகப் போகும் ஒயரை விரல்களால் தடவிக்கொண்டே நடந்தார்.

"சார், இங்க வந்து கை வெச்சுப் பாருங்க."

"சூடா இருக்கேண்ணே."

"கண்டென்சர் மேல தப்பு இல்ல சார். இந்த ஒயரை மாத்தாம நீங்க எத்தனை கண்டென்சர் போட்டாலும் போய்க்கிட்டேதான் இருக்கும்."

இதில் எனக்கு ஓர் ஆச்சரியம் உண்டு. சென்னையில் போர் மோட்டார் இல்லாத தனி வீடு அரிது. ஒன்றரை ஹெச்.பி. சப்மெர்சிபிளுக்கு எந்த எலக்ட்ரீஷியனும் கேட்காமலே தடித்த கேபிள் இழுத்து, கண்டென்சரும் ஆம்பியர் மீட்டரும் வைத்த பெட்டியைச் சுவரில் மாட்டுகிறார். அதே ஹெச்.பி. உள்ள ரம்ப இயந்திரத்துக்கு மட்டும், அதன் வாலில் ஒரு பிளக் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால், வாஷிங் மெஷினுக்குப் போட்ட பழைய லைனே போதும் என்று எல்லோரும் நினைத்துவிடுகிறார்கள். 'போர் மோட்டாருக்குப் போடுவது மாதிரியே தனி லைன் போடுங்கள்' என்று சொல்லிவிட்டால் எலக்ட்ரீஷியனுக்கு வேறு விளக்கமே தேவையில்லை.

எக்ஸ்டென்ஷன் பெட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: கடையில் கிடைக்கும் சாதாரணப் பெட்டிகளின் ஒயர் மொபைல் சார்ஜருக்கும் டேபிள் ஃபேனுக்கும் உரியது. தவிர்க்கவே முடியாவிட்டால் 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் ஒயரில் நீங்களே ஒன்று செய்துகொள்ளுங்கள். சுருளாகச் சுற்றி வைத்தபடியே பயன்படுத்தாமல் முழுவதும் பிரித்துப் போடுங்கள், சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும்.

கையில் பிடிக்கும் வட்ட ரம்பம், ரௌட்டர், பிளேனர், பெரும்பாலான சிறிய டேபிள் சாக்கள் ஆகியவற்றில் இருப்பது யுனிவர்சல் மோட்டார். கார்பன் பிரஷ் உள்ளது. இதற்குக் கண்டென்சர் தொல்லை இல்லை, மின்னழுத்தம் குறைந்தால் வேகமும் பலமும் குறையுமே தவிர முனகிக்கொண்டு நிற்காது. நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று ஓடும் அதன் அலறல்தான் இதன் விலை. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை மதியம் அதை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இண்டக்‌ஷன் மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் 2,880 அல்லது 1,440 சுற்றில் அமைதியாக ஓடி, பெல்ட்டும் புல்லியும் வழியாக பிளேடுக்கு வேண்டிய வேகத்தைத் தருகிறது. பத்து அங்குல பிளேடு 4,000 சுற்றில் ஓடினால் பல்லின் நுனி விநாடிக்கு 53 மீட்டர் வேகத்தில் செல்லும். மரத்துக்கு அது நல்ல வேகம்.

எவ்வளவு பலம் தேவை என்பதை மரமும் பிளேடும் தீர்மானிக்கின்றன. ஒயரைக் கவ்வியே ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒயரின் மூன்று கோரையும் சேர்த்துக் கவ்வினால் போவதும் வருவதும் ஒன்றையொன்று கழித்துப் பூச்சியம்தான் காட்டும் என்பதால், பேஸ் ஒயரை மட்டும் தனியே பிரித்துக் கவ்வ வேண்டும். இரண்டு அங்குலத் தேக்கை நெடுக்குவாட்டில் அறுக்கும்போது, 24 பல் பிளேடில் எட்டு ஒன்பது என்று நிதானமாக நிற்கும் முள், பிளைவுட்டுக்கான 80 பல் பிளேடை மாட்டி அதே வேகத்தில் தள்ளினால் பதினைந்தைத் தாண்டி மோட்டார் திணறுவதைக் காட்டும். பல்லிடுக்கில் தூள் அடைந்து, வெட்டுவதற்குப் பதில் உரசுவதே இதற்குக் காரணம். தேக்கில் சிலிக்கா இருப்பதால் பல் சீக்கிரம் மழுங்குகிறது. மழுங்கிய பிளேடும் இதையே செய்யும். 3.2 மில்லிமீட்டர் அகல வெட்டுக்குப் பதில் 2.4 மில்லிமீட்டர் பிளேடு போட்டால் தூளாக்கவேண்டிய மரத்தில் கால் பங்கு குறைகிறது. பலம் போதவில்லை என்று மூன்று ஹெச்.பி.க்கு மாறத் துடிப்பவர்கள் முதலில் பிளேடைச் சாணைக்குக் கொடுத்துப் பார்க்கட்டும். வேங்கையை நாள்முழுதும் அறுப்பவர்களின் கதை வேறு. அவர்கள் வீட்டில் அறுப்பதில்லை.

மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்சான எம்.சி.பி. விஷயத்தில், வீட்டில் வழக்கமாக இருக்கும் 'பி' வகை, தன் அளவைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு மின்னோட்டத்தில் உடனே விழுந்துவிடும். 16 ஆம்பியர் 'பி' என்றால் 48 முதல் 80க்குள். நம் மோட்டார் கிளம்பும் 60 அதன் நடுவில் இருக்கிறது, ஆகவே சில நாள் விழும், சில நாள் விழாது. ஐந்து முதல் பத்து மடங்கு தாங்கும் 'சி' வகை 16 ஆம்பியர்தான் சரியானது. விழுகிறதே என்று எரிச்சலில் 32 ஆம்பியரை மாட்டச் சொல்லுபவர்கள், எம்.சி.பி. காப்பது மோட்டாரை அல்ல, சுவருக்குள் இருக்கும் ஒயரை என்பதை நினைவில் கொள்ள வேண்டும், 1.5 ஒயருக்கு 32 ஆம்பியர் காவல் வைப்பது சுவருக்குள் அடுப்பு வைப்பதற்குச் சமம். இன்னொன்று: எம்.சி.பி.க்களின் அளவு 30 டிகிரி வெப்பத்தை வைத்துக் குறிக்கப்படுகிறது. ஏப்ரல் மதியத்தில் தகரக் கொட்டகைக்குள் இருக்கும் சூட்டில் அது எழுதியதைவிடக் குறைந்த மின்னோட்டத்திலேயே விழும். போர்டைக் கொட்டகைக்கு வெளியே, படிக்கட்டு நிழலில் வைத்தாலே பாதித் தொல்லை தீரும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடற்காற்று வீசும் பகுதிகளில் பிளக்கின் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு படிவதையும் ஆண்டுக்கொருமுறை திறந்து பார்த்துத் துடைக்க வேண்டும். களிம்புள்ள இணைப்பு தானே சூடாகும்.

பாதுகாப்பில் இரண்டைத் தவிர்க்கவே கூடாது. முதலாவது, முறையான எர்த்தும் மின்கசிவு கண்டதும் சப்ளையைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும், மழை ஈரத்தில் மாடித்தரையில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம். இரண்டாவது, கரண்ட் போய் வரும்போது இயந்திரம் தானாக ஓடத் தொடங்காமல் பார்த்துக்கொள்ளும் நோ-வோல்ட் ஸ்விட்ச். மழைக்காலச் சென்னையில் கரண்ட் போவது புதிதல்ல. போன கரண்ட் வரும் நேரத்தில் நாம் பிளேடுக்குப் பக்கத்தில் குனிந்து சிக்கிய துண்டை எடுத்துக்கொண்டிருப்போம். போர் மோட்டாருக்கு வைக்கும் பச்சை, சிவப்புப் பொத்தான் ஸ்டார்ட்டரில் இந்த வசதி இருக்கிறது. சாதாரண மேல்-கீழ் ஸ்விட்சில் இல்லை.

டஸ்ட் கலெக்டர் ரம்பத்தோடு சேர்ந்தே ஓட வேண்டியது என்பதால், அதற்குத் தனி லைன் வேண்டும். முதலில் அதைப் போட்டு, வேகம் பிடித்த பிறகு ரம்பத்தைப் போடுவது நல்ல பழக்கம். இரண்டும் ஒரே நொடியில் கிளம்பினால் கீழ்வீட்டு விளக்கு மங்கும்.

வெளிநாட்டிலிருந்து திரும்பும் உறவினர்கள் அன்போடு கொண்டுவரும் அமெரிக்க இயந்திரங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 120 வோல்ட் ரௌட்டரோ கை ரம்பமோ என்றால், யுனிவர்சல் மோட்டார் ஆதலால் 60 ஹெர்ட்ஸா 50 ஹெர்ட்ஸா என்பது அதற்குப் பொருட்டில்லை. 15 ஆம்பியர் கருவிக்கு 2 கே.வி.ஏ.வுக்குக் குறையாத ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் ஓடும். இண்டக்‌ஷன் மோட்டார் வைத்த பெரிய இயந்திரங்கள்தான் சிக்கல். 230 வோல்ட்டுக்கு மாற்றி இணைக்க வசதி இருந்தாலும், 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய மோட்டார் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும். அதோடு, அதே மின்னழுத்தத்தில் இரும்புக்குள் காந்தப்புலம் இருபது சதவீதம் கூடி, சும்மா ஓடும்போதே கொதிக்கும். இயந்திரத்தை வைத்துக்கொண்டு மோட்டாரை மட்டும் கோயம்புத்தூர்த் தயாரிப்பு ஒன்றுக்கு மாற்றிவிடுவதே என் ஆலோசனை.

இனி, மூன்று பேஸ் ஒயர்கள் வரும் த்ரீ பேஸ் இணைப்பு. தமிழ்நாட்டில் இணைப்புச் சுமை 4 கிலோவாட்டைத் தாண்டினால் த்ரீ பேஸ் சர்வீஸ்தான் தருவார்கள். ஏ.சி., கீசர், தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்ந்து பல வீடுகளில் அது ஏற்கெனவே வந்திருக்கும். மெயின் போர்டில் மூன்று ப்யூஸ் கட்டைகள் இருந்தால் உங்களுக்கும் இருக்கிறது. இருப்பவர்களுக்கு என் இரண்டு ஹெச்.பி. வரம்பு பொருந்தாது. 3 ஹெச்.பி. த்ரீ பேஸ் மோட்டார் ஒவ்வொரு லைனிலும் ஐந்து ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும். கண்டென்சரும் இல்லை, சென்ட்ரிஃபியூகல் ஸ்விட்சும் இல்லை, பழுதாக உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு பேஸ் மட்டும் போய்விட்டால் மோட்டார் எரியும் என்பதால் சிங்கிள் பேஸிங் பாதுகாப்புள்ள ஸ்டார்ட்டர் அவசியம்.

த்ரீ பேஸ் இல்லாதவர்களுக்கு வி.எஃப்.டி. என்ற வழி இருக்கிறது. சிங்கிள் பேஸ் 230ஐ வாங்கி, த்ரீ பேஸ் 230 ஆக மாற்றித் தரும் பெட்டி அது. மோட்டாரைப் படிப்படியாக வேகமேற்றுவதால் அந்த 60 ஆம்பியர் இழுப்பே நிகழாது, மொட்டைமாடி ஒயரின் கஷ்டம் பெருமளவு ஓய்கிறது. ஆனால் நம் ஊர்ச் சிறிய த்ரீ பேஸ் மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாராக, அதாவது மூன்று சுருள்களின் ஒரு முனையை ஒன்றாக முடிந்து, இணைக்கப்பட்டவை. டெர்மினல் பெட்டியைத் திறந்து ஆறு முனைகளும் பித்தளைப் பட்டைகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் பட்டைகளை மாற்றிப் போட்டு, சுருள்களை முக்கோணமாக இணைக்கும் டெல்டா ஆக்கினால் 230 வோல்ட்டுக்கு ஏற்றதாகிவிடும். மூன்றே முனைகள் வெளியே வந்திருந்தால் ஸ்டார் முடிச்சு வைண்டிங்குக்குள் இருக்கிறது. அதைப் பிரித்தெடுப்பது வைண்டிங் கடைக்காரரின் வேலை. பழைய மோட்டார் வாங்கும்போது மூடியைத் திறந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். வி.எஃப்.டி. ஓடும்போது அதன் ஃபில்டர் வழியாகச் சிறிது மின்னோட்டம் எர்த்துக்குக் கசிவதால் ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் விழலாம், அதற்காக ஆர்.சி.சி.பி.யைக் கழற்றச் சொல்லும் எலக்ட்ரீஷியனை வேண்டாமென்று சொல்லிவிட்டு, வி.எஃப்.டி.க்கு ஏற்ற வகை ஆர்.சி.சி.பி.யைத் தனி லைனில் போடச் சொல்லுங்கள்.

மின்கட்டணம் பற்றிப் பலரும் கவலைப்படுகிறார்கள், அது தேவையற்றது. 1,800 வாட் ரம்பம் பத்து நிமிடம் முழுச் சுமையில் அறுத்தாலும் செலவு 0.3 யூனிட். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டின் ஓரத்தில் நிற்கும் வீடுகளில் மட்டும் கவனம் வேண்டும், ஏனெனில் அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விகிதமும் மாறிவிடுகிறது. உண்மையில் யோசிக்க வேண்டியது, செய்த மேஜையை விற்கத் தொடங்கும்போது. வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவது, மின்சாரச் சட்டம் 2003இன் 126ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல இருமடங்கு விதிக்கலாம். விற்பனை என்று ஆனதும் ஈ.பி. அலுவலகத்தில் தனி சர்வீஸுக்கு விண்ணப்பிப்பதே முறை. அப்படி விண்ணப்பிக்கும்போது த்ரீ பேஸாகவே கேட்டு வாங்குங்கள், வி.எஃப்.டி.க்காக டெல்டா ஆக்கிய மோட்டார் கையில் இருந்தால், புதிய லைனில் நேராக இணைக்கும் முன் பித்தளைப் பட்டைகளை மறுபடி ஸ்டாருக்கு மாற்றிவிடுங்கள், 415 வோல்ட்டை டெல்டாவில் கொடுத்தால் வைண்டிங் உடனே எரிந்துபோகும்.